ஆனையிறவு உப்பும் கலீசியாப் பேய்க்கணவாயும்

2025 மார்ச்சில் ஆனையிறவில் மேசையுப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டபோது எழுந்த சர்ச்சை, பக்கெற்றில் இருந்த ‘ரஜ லுணு’ என்ற சிங்களப் பெயரைப் பற்றியது. போரால் பல்லாண்டு முடங்கிக் கிடந்த உப்பளம் மீண்டெழும்போது அதன் ஊர்ப்பெயரைக் கேட்டது நியாயமே. ஆனால் பெயர் மட்டும் உப்புக்கு மதிப்பைத் தேடித் தராது. எங்கள் சமையலில் உப்பு குழம்போடு கரைந்து மறைகிறது. அது ஆனையிறவில் விளைந்ததா, அம்பாந்தோட்டையில் விளைந்ததா என்பது நாக்குக்குத் தெரியாது. உப்பு தனித்துத் தெரியும் பண்டம் ஒன்று எங்கள் வீடுகளில் பழக வேண்டும். ஸ்பெயினின் வடமேற்கிலுள்ள கலீசியாவின் பேய்க்கணவாய்ப் பண்டமான ‘புல்போ ஆ ஃபெய்ரா’ அதற்குப் பொருத்தமானது.

அவித்த பேய்க்கணவாயைக் கத்தரிக்கோலால் வட்டவட்டமாக வெட்டி மரத்தட்டில் பரப்பி, மேலே கல்லுப்பும் மிளகாய்த்தூளும் தூவி, ஒலிவ் எண்ணெய் ஊற்றினால் பண்டம் முடிந்தது. மசாலா இல்லை, வெங்காயமும் இல்லை. பல்லில் நொறுங்கும் உப்புக்கல்தான் அதன் ருசியைத் தூக்கி நிறுத்துகிறது. இதற்குப் பேர்போன கார்பலீஞோ கடலோர ஊரல்ல என்பது கவனிக்கத்தக்கது. கரையில் உலர்த்திய பேய்க்கணவாய் முற்காலத்தில் அந்த உள்நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று ஆண்டுதோறும் ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு அங்கே அதற்கென்றே திருவிழா நடக்கிறது. ஸ்பெயின் உண்ணும் பேய்க்கணவாயில் பெரும்பங்கு இப்போது மொரோக்கோவிலிருந்தும் மொரித்தேனியாவிலிருந்தும் வருகிறது. ஆக, புகழைத் தேடித் தந்தது சமைக்கும் கைதான். எங்களுக்கோ உப்பும் கடலும் பக்கத்திலேயே இருக்கின்றன.

‘அது ரப்பர் மாதிரி, மெல்லவே முடியாது’ என்பதுதான் முதல் மறுப்பு. குறை சமைக்கும் முறையில் இருக்கிறது. பேய்க்கணவாயின் தசையில் இணைப்புத்திசு மிகுதி. அரைகுறையாக வெந்தால் அது இறுகும். மெல்லிய தீயில் நீண்ட நேரம் வெந்தால் இளகும். சுத்தம் செய்து ஓரிரு நாள் உறையவைத்து எடுத்தால் பனிக்கட்டி தசைநாரைக் கிழித்து வேலையைப் பாதியாக்கும். உப்பிடாத கொதிநீரில் தலையைப் பிடித்து மூன்று முறை முக்கி எடுத்தால் கைகள் அழகாகச் சுருளும். பிறகு தீயைத் தணித்து, இரண்டு கிலோவுக்கு முக்கால் மணி நேரமளவு வேகவிட்டு, ஈர்க்குக் குச்சி இலகுவாக இறங்கியதும் அடுப்பை அணைத்துக் கால் மணி நேரம் அதே நீரில் ஆறவிட வேண்டும். அந்த நீரிலேயே உருளைக்கிழங்கையும் அவிக்கலாம்.

ஒலிவ் எண்ணெய் விலை கூடியது, அவர்களுடைய மிளகாய்த்தூள் இங்கே கிடைக்காது என்பது அடுத்த மறுப்பு. நல்லெண்ணெயும் உறைப்புக் குறைந்த மிளகாய்த்தூளும் போதும். அசல் கெட்டுவிடும் என்று அஞ்சுவோருக்கு ஒன்று சொல்லலாம்: மிளகாயும் உருளைக்கிழங்கும் ஸ்பெயினுக்கே அமெரிக்காவிலிருந்து போனவை. கல்லுப்பில் அயடீன் இல்லையே என்ற கவலை இவற்றைவிடக் கனமானது. அயடீன் சேர்த்த கட்டியுப்பும் செய்ய முடியும், அதையே தூவலாம். இனம் அழியாதா என்ற கேள்வியும் சரியே. பேய்க்கணவாய் குறுகிய ஆயுளுடையது; பெட்டை முட்டை பொரித்ததோடு இறந்துவிடும். கலீசியாவில் ஆண்டுதோறும் சில காலம் அதைப் பிடிக்கத் தடை உண்டு. அவர்களுடைய செய்முறையை எடுக்கும்போது அந்தக் கட்டுப்பாட்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

சோளகக் காற்றிலும் வெயிலிலும் பாத்திகளில் விளையும் உப்பை அரைத்துப் பொடியாக்கி மட்டும் விற்பது பாதி வியாபாரம். தூவுவதற்கென்று கல்லுப்பையும் தனிப் பக்கெற்றில் ஆனையிறவுப் பெயரோடு தர வேண்டும். வாங்குபவர் அதைத் தூவிச் சாப்பிடவும் ஏதாவது வேண்டும். அதைப் பேய்க்கணவாயில் தொடங்கலாம்.