நாவுக்கு ஏற்ற மது

மதுவை நாவாலும் தீண்டாத ஆசிரியன் ஒருவன் மதுவைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு வாசக அன்பர்கள் புன்னகை புரியலாம். வணிகவியல் பயிலும் மாணவர் ஒருவர் எழுப்பிய வினாவே இதற்குக் காரணம். “ஒரு பண்டத்தை ஆக்குபவன் தன் மனத்துக்கு இசைய ஆக்க வேண்டுமா? அன்றி, வாங்கும் நாட்டாரின் சுவைக்கு இசைய மாற்ற வேண்டுமா?” என்றார் அவர். இவ்வினாவுக்குப் பிரெஞ்சு நாட்டுத் திராட்சை மதுவின் வரலாறு நல்லதொரு விடை தருகின்றது.

2010ஆம் ஆண்டிலே, சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையேயுள்ள ஓலாந்துத் தீவுகளுக்கு அண்மையில், கடலடியில் மூழ்கிக் கிடந்த பழைய கப்பலொன்றைச் சுழியோடிகள் கண்டனர். அதனுள்ளே ஏறத்தாழ 170 ஆண்டுகள் உறங்கிக் கிடந்த 168 ஷாம்பேன் போத்தல்கள் இருந்தன. அவற்றை ஆராய்ந்தோர் 2015இல் வெளியிட்ட முடிவு வியப்பானது. ஒரு லீற்றர் மதுவில் 140 கிராமுக்கு மேற்பட்ட சீனி இருந்ததாம்! இன்று ‘புரூட்’ என்னும் பெயருடன் விற்கப்படும் ஷாம்பேனில் லீற்றருக்கு 12 கிராம் சீனிதானும் இருப்பதில்லை.

அக்காலத்து ருஷ்யப் பிரபுக்கள் பாகு போன்ற இனிப்பை விரும்பினர். ஆங்கிலேயரோ இனிப்புக் குறைந்ததையே நாடினர். இருசாராரையும் மகிழ்விப்பது எவ்வாறு? ஷாம்பேன் போத்தலினுள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கின்றது. பின்னர் அடிமண்டியை அகற்றி, மதுவிற் கரைத்த சீனியைச் சிறிதளவு சேர்த்துத் தக்கையிடுவர். இந்த இறுதிக் கட்டத்திலே சீனியைக் கூட்டினால் ருஷ்யாவுக்கு, குறைத்தால் இங்கிலாந்துக்கு. தோட்டமும் திராட்சையும் ஒன்றே.

இதனை ஏமாற்று என்று கூறலாமா? கூறலாகாது. விருந்தினருக்கு உறைப்புக் குறைத்துக் கறி சமைக்கும் இல்லாளை யாரும் பழிப்பதில்லை. அன்றியும், பிறர் சுவைக்குப் பணிவது சில வேளைகளிற் கைவினையையே உயர்த்தும். றேம்ஸ் நகரத்துப் பொம்மெரி அம்மையார், கணவரை இழந்தபின் நிறுவனத்தைத் தாமே நடத்தியவர். ஆங்கிலேயருக்கென இனிப்பு மிகக் குறைந்த ஷாம்பேனை 1874ஆம் ஆண்டு விளைச்சலிலிருந்து அவர் ஆக்குவித்தார். சீனி மிகுந்தால் மதுவின் குற்றங்கள் மறைந்துவிடும்; சீனி நீங்கினால் அவை வெளிப்பட்டுவிடும். ஆதலால் நன்கு கனிந்த திராட்சையும் நீண்ட காலப் பொறுமையும் தேவைப்பட்டன. அன்று ஒரு நாட்டாருக்கென அமைந்த அச்சுவையே இன்று உலகின் பொதுச் சுவையாயிற்று.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. போர்தோ நகரத்து வணிகர் 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில், கனத்த மதுவை விரும்பிய ஆங்கிலேயருக்காகத் தம் ஊர் மதுவுடன் ரோன் பள்ளத்தாக்கினதும் ஸ்பெயினினதும் முறுக்கேறிய மதுவைக் கலந்தனர். போத்தலின் பெயர் போர்தோ. உள்ளேயிருந்ததோ பல ஊர்க் கலவை. இங்கே மாறியது சுவை மட்டுமன்று, உண்மையும் மாறிற்று. இத்தகைய கலவையைப் போர்தோ என்ற பெயரில் விற்பதை இன்றைய பிரெஞ்சுச் சட்டம் அனுமதிப்பதில்லை.

ஒரே நாவை நம்பியிருப்பதிலும் இடருண்டு. ரோடரர் நிறுவனத்தார் 1876இல் ருஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தருக்கெனத் தெளிந்த பளிங்குப் போத்தலில் இனிப்பு மிகுந்த ஷாம்பேனை நிரப்பினர். 1917இல் புரட்சி மூண்டது. அரண்மனையும் போயிற்று, அரண்மனை வாடிக்கையும் போயிற்று.

ஆகவே, அம்மாணவருக்கு நான் கூறிய விடை இதுதான்: வாங்குபவரின் சுவையை மதித்து மாற்றுக, அது வணிகனின் பண்பு. மாற்றியதை மறையாது சொல்லுக. அது அவனது நேர்மை. சீனியின் அளவு நாட்டுக்கு நாடு வேறுபடலாம். போத்தலின்மேல் எழுதிய பெயர் மட்டும் எந்நாட்டிலும் மெய்யாகவே இருத்தல் வேண்டும்.

விடையைக் கேட்ட மாணவர் சற்று யோசித்தார். “அப்படியாயின் ஐயா, வகுப்புக்கு வகுப்புப் பாடத்தை மாற்றிச் சொல்லும் ஆசிரியருக்கும் இவ்விதி பொருந்துமா?” என்றார். பொருந்தும் என்று ஒப்புக்கொண்டேன். எளிமையாக்கலாம், இனிமையாக்கலாம், பொய்யாக்கலாகாது.