குளிர்ந்த நீரும் ஏரி மீன்களின் நலமும்

வெப்ப நாட்டில் மீன் வளர்ப்போர் கோடையின் கொடுமையைக் குறித்தே பெரிதும் கவலை கொள்வது வழக்கம். நீர் வற்றுதல், வெப்பம் மிகுதல், பிராணவாயு குறைதல் ஆகியவை கண்ணுக்கு எளிதில் தெரியும் கேடுகளாகும். குளிரோ இமயமலைச் சாரலுக்கு உரிய தொல்லை என்றும், சித்தூரிலும் திருப்பதியிலும் அதற்கு இடமில்லை என்றும் பலர் எண்ணுகின்றனர். இக்கருத்து சரியன்று. இவ்வட்டாரத்து ஏரிகளில் கார்த்திகை முதல் தை முடிய உள்ள காலம் மீன்களின் உடல்நலத்திற்குச் சோதனையான காலமாகும். மீன் வளர்ப்புத் திட்டங்கள் இதனைக் கணக்கில் கொண்டு வகுக்கப்பட வேண்டும்.

மீன் குளிர்ந்த இரத்தப் பிராணி. தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை. நீரின் வெப்பநிலை எதுவோ அதுவே ஏறத்தாழ மீனின் உடல் வெப்பநிலையும் ஆகும். நம் ஏரிகளில் வளர்க்கப்படும் கட்லா, ரோகு, மிருகால் ஆகிய கெண்டையினங்கள் 25 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரையுள்ள நீரில் நன்கு உண்டு விரைந்து வளர்கின்றன. நீர் 20 டிகிரியை நெருங்கும்போது அவற்றின் பசி குறைகிறது, ஜீரணம் தாமதப்படுகிறது, வளர்ச்சி தளர்கிறது. நீலகிரி ஓடைகளில் குடியேற்றப்பட்ட டிரவுட் மீனுக்கு இதே 20 டிகிரி தாங்கத்தக்க வெப்பத்தின் மேல் எல்லையை அடுத்திருக்கிறது. ஆகவே நீரின் குளிர்ச்சியை மனிதனின் உடலைக் கொண்டு மதிப்பிடுதல் தகாது. அந்தந்த மீனினத்தின் இயல்பைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

குளிர்ந்த நீரில் பிராணவாயு அதிகமாகக் கரையுமாதலால் அது மீனுக்கு நன்மையே என்று வாதிப்போரும் உண்டு. 30 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 7.5 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும். 20 டிகிரியில் சுமார் 9 மில்லிகிராம் ஏற்கும் என்பது உண்மையே. எனினும் ஏற்கக்கூடிய அளவு வேறு, உண்மையில் ஏரியில் உள்ள அளவு வேறு. வடகிழக்குப் பருவத்தில் வானம் நாட்கணக்கில் மூடிக் கிடக்கும்போது நீர்ப்பாசிகள் வெயிலின்றிப் போதிய பிராணவாயுவை உண்டாக்குவதில்லை. அன்றியும், குளிர்ந்த மழைநீர் கனமானதாகையால் கீழே இறங்குகிறது. அடியில் தங்கியிருந்த பிராணவாயு அற்ற நீர் மேலே எழுகிறது. பெருமழைக்கு மறுநாள் விடியலில் மீன்கள் நீர்மட்டத்தில் வாய் திறந்து மிதப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2021 நவம்பரில் திருப்பதிப் பகுதியில் பெய்த பெருமழையில் இராயலசெருவு ஏரியின் கரை கசிந்து அபாயநிலையை எட்டியது. சில நாட்களுக்குள் ஏரியில் எவ்வளவு புதுநீர் வந்து புகக்கூடும் என்பதற்கு அதுவே சான்று.

இவற்றினும் பெரியது நோய்பற்றிய பிரச்சினை. 1988 இல் வடகிழக்கு இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்டுப் பின்னர் நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவிய கொள்ளைப் புண்நோய் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். உடலில் செம்புள்ளிகள் தோன்றி, நாளடைவில் சதையை அரிக்கும் ஆழ்ந்த புண்களாக மாறுவது இதன் அடையாளம். விரால் இதற்கு எளிதில் இரையாகிறது. சாதாக் கெண்டையும் திலேப்பியாவும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. இந்நோயை விளைவிப்பது பூஞ்சையை ஒத்த ஒரு நீர்வாழ் நுண்ணுயிர். ஆய்வுக்கூடத்தில் அது மிதமான வெப்பத்திலும் செழிப்பாக வளர்கிறது. ஆயினும் ஏரிகளில் நோய் தலைதூக்குவதோ பெரும்பாலும் நீர் 18 முதல் 22 டிகிரி வரை இறங்கும் மாதங்களிலேயே. கிருமி குளிரால் வலுப்பெறுவதில்லை. மீன்தான் குளிரால் வலுவிழக்கிறது. புண்ணைச் சூழ்ந்து தொற்றை அடக்க வேண்டிய வெள்ளணுக்கள் குளிர்ந்த உடலில் மந்தமாகத் திரளுகின்றன. எதிர்ப்பொருள்கள் தாமதமாக உண்டாகின்றன. அந்த இடைவேளையில் கிருமி சதைக்குள் ஊடுருவிவிடுகிறது.

இந்நோய் மனிதரைத் தொற்றுவதில்லை. ஆயினும் புண்பட்ட மீனைச் சந்தையில் எவரும் வாங்கார். நோயுற்ற மீன் சிலவே என்றாலும் அச்சத்தினால் நல்ல மீனும் விலைபோகாமல் தேங்கிவிடும். ஏரியைக் குத்தகைக்கு எடுத்த சிறு மீனவருக்கு இவ்விழப்பு ஓராண்டு உழைப்பின் இழப்பாகும்.

சித்தூர், திருப்பதி வட்டாரங்களின் தனிப்பட்ட இடர்ப்பாடு இங்கேதான் தோன்றுகிறது. இங்குள்ள ஏரிகள் பல ஆண்டு முழுவதும் நீர் நிற்பவை அல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்து கோடையில் வற்றுபவை அவை. நீர் வந்த பின்னரே குஞ்சு விட இயலும். நீர் வற்றுமுன் மீனைப் பிடித்தாக வேண்டும். ஆகவே, நீர் ஆண்டிலேயே மிகக் குளிர்ந்திருக்கும் காலத்தில் மிக இளைய மீன்கள் ஏரியில் விடப்படுகின்றன. வெப்பமான கடற்கரை மாவட்டப் பண்ணைகளிலிருந்து பிராணவாயு நிரப்பிய பைகளில் வந்து சேரும் குஞ்சுகளுக்கு, ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்திலுள்ள மதனப்பள்ளி மேட்டுநிலத்தின் மார்கழி நீர் முற்றிலும் புதிய உலகமாகும். தை பிறந்து வெயில் ஏறும்வரை காத்திருக்கலாம் என்றால் வளர்ப்புக் காலத்தில் இரண்டு மாதங்கள் வீணாகும். இவ்விரண்டு இடர்களுக்கும் நடுவே வழி காண்பதே விஞ்ஞானத்தின் கடமை.

அவ்வழியின் தொடக்கம் திருப்பதியிலேயே உள்ளது என்பது மகிழ்ச்சிக்குரியது. 1954 இல் நிறுவப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில், பேராசிரியர் கே. பம்பாபதி ராவும் அவர்தம் உடன் ஆய்வாளர்களும் குளிர்ந்த இரத்தப் பிராணிகள் வெப்பமாறுதலுக்கு எவ்வாறு பழகுகின்றன என்பதை ஆராய்ந்தனர். குளிர்ந்த வெப்பநிலைக்குப் பழகுதல் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1962 இல் அமெரிக்காவின் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. கரிமீன் இனத்தைச் சார்ந்த சிறு நன்னீர் மீன் ஒன்றும் அத்துறையின் சோதனைகளுக்கு உட்பட்டது. இத்தகைய ஆராய்ச்சிகளால் விளங்கும் உண்மை யாதெனில், குளிரில் தளர்ந்த பிராணியின் உடல் நாளடைவில் தன் உள்தொழில்களைத் திருத்தியமைத்து இழந்த சுறுசுறுப்பில் ஒரு பகுதியை மீட்டுக்கொள்கிறது என்பதாகும். ஆனால் இத்திருத்தம் சில நிமிடங்களில் நிகழ்வதன்று. பல நாட்கள் வேண்டும். குஞ்சுப் பையை அரைமணி நேரம் ஏரியில் மிதக்க விடும் வழக்கம் பையின் நீரைச் சமப்படுத்துமே ஒழிய மீனின் உடலைப் பழக்கிவிடாது.

இவ்வுண்மையிலிருந்து செய்யத்தக்கவை சில உள. முதலாவதாக, கோடையிலும் ஆடியிலும் உள்ளூர்க் குட்டைகளில் நெருக்கமாக வைத்துக் காக்கப்பட்ட ஓராண்டுக் குஞ்சுகளையே மழைக்குப் பின் ஏரிகளில் விடுதல் நலம். அவை உருவில் பெரியவை. உள்ளூர் நீருக்குப் பழகியவை. பின்னர் விரைந்து வளரக்கூடியவை. இரண்டாவதாக, வெளியூர்க் குஞ்சுகளைச் சில நாட்கள் வலைக்கூண்டில் வைத்திருந்து பின்னர் ஏரியில் விட வேண்டும். மூன்றாவதாக, குளிர்ந்த நாட்களில் தவிட்டையும் பிண்ணாக்கையும் குறைத்து, வெயில் ஏறிய பின்னரே இட வேண்டும். உண்ணப்படாத தீனி அழுகி நீரைக் கெடுக்கும். நான்காவதாக, விடியற்காலையில் வலைவீசி எடைபார்ப்பதைத் தவிர்க்க வேண்டும். செதிள் பெயர்ந்த இடமே கிருமியின் வாசல். குளிர் தொடங்குமுன் நீரின் தன்மையறிந்து சுண்ணாம்பு இடுதலும் பயன் தரும்.

நோய் கண்ட பின் மருந்து தேடுவது இன்றுள்ள பொதுவழக்கம். புவனேசுவரத்தை அடுத்த கௌசல்யகங்காவிலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் புண்நோய்க்கு ‘சிஃபாக்ஸ்’ என்னும் மருந்தை உருவாக்கியது பாராட்டுக்குரியதே. ஆயினும் பல ஏக்கர் பரப்புள்ள ஏரி முழுவதற்கும் மருந்திடுதல் சிறு குத்தகைதாரரின் சக்திக்கு அப்பாற்பட்டது. நீரின் வெப்பத்தை அளக்கும் வெப்பமானியோ மலிவானது. நாள்தோறும் விடியலிலும் பிற்பகலிலும் அளந்து ஒரு சிறு புத்தகத்தில் குறித்து வந்தால், தீனி குறைக்க வேண்டிய நாளும் குஞ்சு விடத் தகுந்த நாளும் தாமே புலப்படும். மீன்வளத்துறையினர் குஞ்சுகளை வழங்கும்போது ஒவ்வொரு சங்கத்திற்கும் ஒரு வெப்பமானியையும் அதனைப் பயன்படுத்தும் பயிற்சியையும் சேர்த்தே வழங்குவார்களாயின், அச்செலவு ஒரு பருவத்திலேயே ஈடாகிவிடும். வெப்ப நாட்டிலும் மீனுக்குக் குளிர் உண்டு என்பதை ஒப்புக்கொள்வதே இதற்கு முதற்படியாகும்.