பாலத்துக் கல்வெட்டில் இன்னும் ஒரு வரி வேண்டும்



இந்த மாத சுவரிதழுக்கு எனக்குக் கிடைத்த தலைப்பு 'பாலம்'. "இரண்டு கரைகளை இணைப்பது பாலம், இரண்டு மனங்களை இணைப்பது அன்பு" என்று எழுதி முடித்திருக்கலாம். ஆனால் நம்ம பக்கத்திலேயே ஒரு பாலம் மூணே மாசத்தில் போய்விட்டது. அதை விட்டுவிட்டு வேறு எதை எழுதுவது?

தென்பெண்ணை ஆறு கர்நாடகாவில் நந்தி மலையில் பிறந்து, கிருஷ்ணகிரி வழியாக வந்து, நம்ம தண்டராம்பட்டு பக்கம் சாத்தனூர் அணையில் நிற்கிறது. அந்த அணை 1958-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் முழு நீர்மட்டம் 119 அடி. அணைக்குக் கீழே அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் நடுவில் ஏறக்குறைய 16 கோடி ரூபாயில் உயர்மட்டப் பாலம் கட்டினார்கள். 2024 செப்டம்பரில் திறந்தார்கள்.

எங்க அத்தை வீடு அக்கரையில்தான். முன்பெல்லாம் ஆத்தில் தண்ணி இல்லாத நாளில் செருப்பைக் கையில் எடுத்துக்கிட்டு மணலில் நடந்து போவோம். தண்ணி வந்துவிட்டால் சுத்திக்கிட்டுதான் போகணும். பாலம் வந்த அன்னைக்கு எங்க ஆயா, "இனிமே உங்க அத்தைக்குக் கொழம்பு சூடு ஆறாம போய்ச் சேரும்"னு சொல்லிச்சு.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதோடு போகாமல் உள்ளே வந்து கொட்டியது. நமக்கு மேலே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. அந்தத் தண்ணீரெல்லாம் அணைக்கு வந்தது. டிசம்பர் 2 விடியற்காலையில் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கனஅடி திறந்துவிட்டார்கள். ஒரு கனஅடி என்றால் 28 லிட்டர். நான் கணக்கு போட்டுப் பார்த்தேன். 12,000 லிட்டர் தண்ணி லாரி ஏறக்குறைய 400, ஒவ்வொரு வினாடியும் ஓடுகிற மாதிரி! அந்த வெள்ளத்தில் பாலம் உடைந்து போனது.

அப்புறம் டீக்கடை முழுக்க ஒரே சண்டை. "வேலை சரியில்லை" என்று ஒரு கட்சி. "வெள்ளம் அதிகம், பாலம் என்ன செய்யும்?" என்று ஒரு கட்சி. இந்தப் பாலம் சுமார் 54,000 கனஅடி தண்ணீருக்குத்தான் திட்டமிடப்பட்டது என்று அரசு தரப்பில் விளக்கம் சொன்னார்கள். வந்தது அதைப் போல மூன்று மடங்கு.

எனக்கு இன்ஜினியரிங் தெரியாது. யார் மேல் தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. 54,000 என்கிற அந்த எண் பாலம் உடைந்த பிறகுதானே நமக்குத் தெரிந்தது? அதுக்கு முன்னாடி அந்தப் பாலத்தில் போன எங்க அத்தைக்குத் தெரியுமா? பால்காரருக்குத் தெரியுமா? நமக்குத் தெரியுமா?

பழைய பாலமானாலும் புதுப் பாலமானாலும் வெள்ளம் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது. தூணைச் சுத்தி இருக்கிற மணலைத் தோண்டிக்கொண்டே போகும். அடியில் பிடிப்பு போனால் மேலே எவ்வளவு கான்கிரீட் இருந்தும் பயன் இல்லை. திருச்சியில் கொள்ளிடத்தின் மேல் 1928-இல் கட்டிய இரும்புப் பாலம் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண் சாய்ந்து இடிந்தது. பக்கத்தில் புதுப் பாலம் வந்துவிட்டதால் பழைய பாலத்தில் வண்டி ஓடவில்லை. அதனால் உயிர் தப்பியது.

என் கருத்து இதுதான். பாலத்துக் கல்வெட்டில் திறந்து வைத்தவர் பெயர் இருக்கும், தேதி இருக்கும், செலவு இருக்கும். அதோடு இன்னும் ஒரு வரி வேண்டும்: "இந்தப் பாலம் இவ்வளவு கனஅடி தண்ணீர் தாங்கும்." தூணிலே சிவப்புக் கோடு ஒன்று வேண்டும். தண்ணி அந்தக் கோட்டைத் தொட்டால் இரண்டு பக்கமும் வழியை அடைத்துவிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத எங்க ஆயாவுக்குக்கூட சிவப்புக் கோடு புரியும்.

"வெள்ளம் நூறு வருஷத்துக்கு ஒரு தடவைதானே வரும்?" என்று சிலர் கேட்கலாம். அது எந்த வருஷம் என்று ஆத்துக்கிட்ட யார் கேட்டது? நம்ம கையில் இருப்பது போன வெள்ளத்தின் அளவுதான். அதையும் நாம் தொலைத்துவிடுகிறோம்.

எங்க வீட்டையே சொல்கிறேன். அந்த வெள்ளம் எங்க திண்ணைச் சுவரில் ஒரு செம்மண் கறை விட்டுட்டுப் போச்சு. பொங்கல் வந்தது. அப்பா வெள்ளை அடித்தார். கறை போயிடுச்சு, எல்லாருக்கும் சந்தோஷம். இப்போ தண்ணி எதுவரைக்கும் வந்தது என்று கேட்டால் அப்பா "முட்டி வரைக்கும்" என்கிறார். ஆயா "இடுப்பு வரைக்கும்" என்குது. ஒரே வீடு, ஒரே வெள்ளம், இரண்டு கணக்கு! நாளைக்குப் பாலம் கட்ட வருகிற இன்ஜினியர் கேட்டால் நாங்கள் எதைச் சொல்வது? அந்தச் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக் கொடுத்ததும் நான்தான்.

அதனால் தலைமை ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். ஆத்தோரம் வீடு இருக்கிற மாணவர்கள் எல்லாரும் அவரவர் தெருவில் வெள்ளம் வந்த உயரத்தைப் பெரியவர்களிடம் கேட்டு, ஸ்கேலால் அளந்து வருகிறோம். கறை இன்னும் மிச்சம் இருக்கிற சுவர் எங்காவது இருக்கும். அதில் "2-12-2024" என்று பெயின்ட்டில் எழுத அனுமதி வாங்கித் தாருங்கள். வெள்ளை அடித்தாலும் அந்த ஒரு கோட்டை மட்டும் விட்டு அடிக்கச் சொல்வோம்.

புதுப் பாலம் எனக்கும் வேண்டும். அத்தை வீட்டுக் கொழம்பு சூடாகப் போய்ச் சேர வேண்டும். அதைவிட, கொண்டு போகிற ஆள் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி