பெருநாளுக்கு ஓலைப் பின்னல்

பெருநாளுக்கு வீட்டை அழகுபடுத்த எண்ணிப் பவளப்பாறைத் துண்டுகளை அலமாரியில் அடுக்குவோர் நம் தூத்துக்குடிக் கரையில் உண்டு. வேண்டாம். மீன்குஞ்சுகள் ஒதுங்கி வளரும் இடம் பவளப்பாறை. 2001 முதல் அது வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளது. எடுப்பதும் விற்பதும் குற்றம். முத்துச் சிப்பி அருகி, 1961-க்குப் பின் பெரிய முத்துக்குளிப்பே நடைபெறாத கடலன்றோ இது!

பனங்குருத்தோலை இருக்கக் கவலை ஏன்? உலர்ந்த ஓலையை விரல் அகலத்தில் கிழித்துச் சற்றே நீரில் நனையுங்கள், வளைத்தால் முறியாது. கொதிக்கும் சாயத்தில் தோய்ப்பது உங்கள் வேலை, பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். ஒன்று மேல், ஒன்று கீழ் எனப் பாய் முடைவதுபோல் பின்ன ஐந்து வயதுப் பிள்ளையும் கற்றுக்கொள்ளும். வரிசை கோணினால் திருத்த வேண்டாம். அப்படியே சுவரில் மாட்டுங்கள். மற்றொன்றைப் பேரீச்சம்பழத் தட்டின்கீழ் விரியுங்கள்.