‘ஒரிஜினல் டேப்பில் இருந்து’ என்றால் என்ன? ‘ப்ளூ ட்ரெயின்’ இசைத்தட்டும் ஒரு நம்பிக்கை பிரச்னையும்

அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘ப்ளூ ட்ரெயின்’ ஆல்பம் 1957 செப்டம்பர் 15-ல் பதிவானது. அதை 2022 செப்டம்பரில் ப்ளூ நோட் நிறுவனம் மீண்டும் இசைத்தட்டாக வெளியிட்டது. போனில் ஒரே தட்டலில் கேட்க முடிகிற இசைதான். அப்புறம் ஏன் தட்டு வாங்குறாங்க?

இதுல என்ன ஸ்பெஷல்?

நியூஜெர்சியின் ஹேக்கன்சாக்கில், பெற்றோர் வீட்டு வரவேற்பறையையே ஸ்டூடியோவாக்கி ரூடி வான் கெல்டர் பதிவு செய்த ஆல்பம் இது. அந்த அசல் டேப்பை ஓடவிட்டு, இடையில் டிஜிட்டலே இல்லாமல், கெவின் கிரே நேரடியாக லேக்கர் தட்டில் ஒலிக்கோடுகளை வெட்டினார். அதிலிருந்து உலோக அச்சு, அச்சிலிருந்து 180 கிராம் இசைத்தட்டு. மோனோ, ஸ்டீரியோ இரண்டும் வந்தன.

சர்ச்சை எங்கே வந்தது?

இதற்கு இரண்டு மாதம் முன்புதான், மறுவெளியீடுகளுக்குப் பெயர்பெற்ற மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் சிக்கலில் மாட்டியது. அசல் டேப்பில் இருந்து வந்தவை என்று விற்ற பல தட்டுகளுக்கு, டேப்பை முதலில் டிஜிட்டல் கோப்பாக மாற்றியே பயன்படுத்தியது தெரியவந்தது. அதுவும் 2011-ல் இருந்தே! வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். தட்டைத் திருப்பிக் கொடுத்தால் முழுப் பணம் உள்ளிட்ட சமரசத்துக்கு நிறுவனம் ஒப்புக்கொண்டது.

டிஜிட்டல்னா மோசமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. பழைய டேப் ஓட ஓடத் தேயும். ஒரு லேக்கரில் இருந்து குறிப்பிட்ட அளவு தட்டுகளே அச்சிட முடியும். அதிகம் விற்க வேண்டும் என்றால் டேப்பைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். டிஜிட்டல் பிரதி இருந்தால் டேப்புக்குப் பாதுகாப்பு.

இன்னொரு சங்கடமும் உண்டு. அந்த டிஜிட்டல் வழித் தட்டுகளைத்தான் இசைப் பிரியர்கள் பல ஆண்டுகளாக ‘அருமை’ என்று பாராட்டினார்கள். காதால் யாரும் உறுதியாகக் கண்டுபிடிக்கவில்லை.

அப்போ எதுக்கு காசு?

ஒலிக்கு மட்டுமல்ல, நிறுவனம் தரும் வாக்குக்கும் சேர்த்துத்தான். வாங்குபவரால் டேப் இருக்கும் அறைக்குள் போய்ப் பார்க்க முடியாது. அட்டையில் எழுதியதை நம்பித்தான் பணம் கொடுக்கிறார். சர்ச்சைக்குப் பிறகு, எந்த டேப், எந்த வழி என்ற விவரத்தை மொபைல் ஃபிடெலிட்டி வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கியது. ஆடியோஃபைல் தட்டு வாங்கும் முன் தேட வேண்டியதும் அந்த விவரத்தைத்தான். ‘ஒரிஜினல் டேப்பில் இருந்து’ என்று மட்டும் போட்டிருந்தால், நடுவில் என்ன நடந்தது என்று கேட்பதில் தப்பே இல்லை.