புழுதி யாருக்கு?

சென்ற கார்த்திகையில் ஒரு நாள் காலை, தில்லியில் எங்கள் விடுதித் தாழ்வாரத்தில் மின்கம்பி பதிப்பதற்காகச் சுவரில் காடி வெட்டிக்கொண்டிருந்தார்கள். கடைத்தெருவில் மார்பிள் கட்டர் என்று வழங்கும் அந்தச் சிறு கருவி அலறியது. தாழ்வாரம் முழுவதும் புழுதி மூடியது. நாங்கள் கதவைச் சாத்தி, நனைத்த துணியைக் கதவிடுக்கில் செருகிக்கொண்டோம். கருவியைப் பிடித்திருந்தவருக்கோ சாத்திக்கொள்ளக் கதவு இல்லை. மூக்கைச் சுற்றி ஒரு கம்சா. அதுவே அவருக்குக் காப்பு. வயது 25க்கு மேல் இராது. ஆனால் புருவமும் இமையும் நரைத்த கிழவரைப் போல் நின்றார்.

"பையா, தூசு இழுக்கும் பொறி இல்லையா?" என்று கேட்டேன். "இருக்கிறது பாபுஜி, கீழே கிடக்கிறது. ஐந்து நிமிடத்தில் அடைத்துக்கொள்கிறது" என்றார். சென்று பார்த்தேன். தரை பெருக்க உதவும் சாதாரணப் பொறி அது. குத்தகைக்காரர் பணம் செலவழித்திருக்கிறார், பயன்தான் இல்லை.

நண்பர்களே, குறை வேலையாளுடையது அன்று, பொறியைத் தேர்ந்தவருடையது. அந்தத் தேர்வு நாளை நம்முள் பலர் கைக்கு வரப்போகிறது. ஆகவேதான் இதை எழுதுகிறேன்.

செங்கல், காங்கிரீட், தில்லிக் கட்டடங்களுக்கு அழகு தரும் சிவந்த மணற்கல் ஆகிய எல்லாவற்றிலும் சிலிக்கா உண்டு. கண்ணுக்குத் தெரியும் புழுதி தரையில் படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசோ காற்றில் நெடுநேரம் மிதந்து, நுரையீரலின் ஆழம்வரை சென்று தங்கிவிடும். அதனால் வரும் சிலிக்கோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. காசநோய் பற்றவும் அது இடம் கொடுக்கும். தொழிலிடங்களில் மூச்சோடு செல்லும் இத்தூசு புற்றுநோய் விளைவிப்பது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்தியது. கம்சாவால் இதைத் தடுக்க முடியாது.

அப்படியானால் எந்தப் பொறியை வாங்குவது? மோட்டாரின் குதிரைத்திறனையும் தொட்டியின் பருமனையும் பார்த்து வாங்குவதே வழக்கமாக இருக்கிறது. நான் வேறு சில கேள்விகளைக் கேட்கச் சொல்வேன்.

முதற்கேள்வி: உள்ளே சென்ற காற்று எப்படி வெளியே வருகிறது? சாதாரண வடிகட்டி பருந்தூசைப் பிடித்துக்கொண்டு நுண்தூசை அறைக்கே திருப்பித் தருகிறது. ஐரோப்பாவில் இப்பொறிகளை எல், எம், எச் என மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். எம் வகுப்பு 100க்கு 0.1 பங்குக்கு மேல் தூசைக் கசிய விடலாகாது. எச் வகுப்பு 0.005 பங்குக்கு மேல் விடலாகாது. காங்கிரீட் வெட்டும் இடத்தில் எம் வகுப்புக்குக் கீழ் இறங்கக் கூடாது என்பது என் கருத்து.

இரண்டாவது: போதிய காற்றை இழுக்குமா? அமெரிக்கா 2016ஆம் ஆண்டு வகுத்த சிலிக்கா விதி, கையில் பிடித்துச் சுவர் அரைக்கும் கருவிக்குச் சக்கர விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் நிமிடத்துக்கு 25 கன அடிக் காற்று வேண்டும் என்கிறது. 5 அங்குலச் சக்கரத்துக்கு 125 கன அடி ஆகிறது. விளம்பரத்தில் காணும் எண் பெரும்பாலும் குழாய் மாட்டாமல் அளந்தது. நீண்ட, குறுகிய குழாயை மாட்டியதும் அது இறங்கிவிடும்.

மூன்றாவது: அடைப்பை எப்படி நீக்குகிறது? சிமெண்டுத் தூசு வடிகட்டியில் அப்பிக்கொள்வது இயற்கை. தானே வடிகட்டியை உதறிக்கொள்ளும் அமைப்போ, தூசைச் சுழற்றி முன்னதாகவே பிரிக்கும் கலமோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலையாள் வடிகட்டியைக் கழற்றிச் சுவரில் தட்டுவார். பிடித்த தூசெல்லாம் அவர் முகத்துக்கே திரும்பும்.

நான்காவது: சக்கரத்தைச் சூழ்ந்து நிற்கும் மூடி உண்டா? அது இல்லாமல் எவ்வளவு விலையுயர்ந்த பொறியும் வீணே. கடைசியாக, அதை நான்கு மாடி தூக்கிச் செல்ல இயலுமா? கூரையில் சில துளைகள் இடுவதற்கு மின்கலத்தில் ஓடும் சிறு பொறி போதும். காடி வெட்ட அது போதாது. ஏற்ற பொறி இருந்தாலும் தகுந்த முகக்கவசம் வேண்டும்.

தண்ணீர் ஊற்றி வெட்டினால் போதாதா என்பார்கள். திறந்த வெளியில், அதற்கென அமைந்த கருவியில், அது நல்ல முறையே. ஆனால் சாதாரண மின்கருவியின்மேல் ஒருவர் புட்டியிலிருந்து தண்ணீர் ஊற்ற, மற்றவர் வெட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அது நுரையீரலைக் காக்க உயிரையே பணயம் வைப்பது.

விலை அதிகம் என்பார்கள். உண்மைதான், வெட்டும் கருவியைவிடப் பல மடங்கு விலை. அதனால்தான் இதைக் குத்தகைக்காரரின் இரக்கத்துக்கு விட்டுவிடக் கூடாது என்கிறேன். ஒப்பந்தத்தின் விலைப்பட்டியலிலேயே பொறியின் வகுப்பும் காற்றின் அளவும் மூடியும் எழுதப்பட்டுவிட்டால், எல்லாக் குத்தகைக்காரருக்கும் செலவு ஒன்றே. நேர்மையாளர் தோற்க வேண்டியதில்லை.

தில்லியில் காற்று கெடும்போது கட்டட வேலையைக் கட்டுப்படுத்தும் படிநிலைத் திட்டம் 2017ஆம் ஆண்டு வந்தது. ஊரார் மூச்சுக்காக வேலையை நிறுத்தத் தெரிந்த நமக்கு, வேலை செய்பவரின் மூச்சுக்காக ஒரு நல்ல பொறியைத் தேரத் தெரியவேண்டாமா?

பொறியியல் பயிலும் தோழர்களே, நாளை நீங்கள் எழுதும் ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரியை மறவாதீர்கள். மற்றவர்களும் வாளா இருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை நம் விடுதியில் சுவர் வெட்ட வரும்போது, கதவைச் சாத்துவதற்கு முன்னர் விடுதி அலுவலகத்துக்குச் சென்று, "எந்தப் பொறி கொண்டுவந்திருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். நான் கேட்கப்போகிறேன், உடன் வாருங்கள்.