கோயிலுக்குப் பழைய வேன் வாங்கும் முன் சேசிஸ் நம்பரைப் பாருங்க

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிச்சிட்டு, உங்க கோயில் வாட்ஸ்அப் குழுவிலயும் போட்டு விடுங்க.

தேவார வகுப்புப் பிள்ளைங்களையும் வயசானவங்களையும் ஏத்தி இறக்க ஒரு செகண்ட் ஹேண்ட் வேன் வாங்கலாம்னு நம்ம ஆலயத்தில் பேச்சு நடக்குது. நல்ல காரியம். ஆனா விலை என்ன, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு, ஏர்கோன் குளிருதான்னே பேச்சு சுத்திச் சுத்தி வருது. "இந்த வண்டிக்கு ரீகால் ஏதும் பாக்கி இருக்கா?"ன்னு யாரும் கேட்கல. இதுக்குப் பதில் தெரியாம எந்தக் கோயிலும் பழைய வேன் வாங்கக்கூடாது. உபயமா வந்த வேனா இருந்தாலும் அதில் பிள்ளைங்களை ஏத்தக்கூடாது. இதுதான் என் கருத்து.

பழைய வேன் வச்சிருக்கிறவங்க வழக்கமா சொல்ற குறை எல்லாருக்கும் தெரியும். பின்பக்கம் ஏர்கோன் குளிராது. சைட் கதவு இழுத்துக்கிட்டு நிக்கும். டிரைவர் சீட்டுக்குக் கீழ இஞ்சின் இருக்கிற வேன்ல சூடு தாங்காது. இதெல்லாம் ஓட்டிப் பார்த்தா தெரிஞ்சிடும், ஒர்க்‌ஷாப்பில் காசு கொடுத்தா சரியாகும். ரீகால் அப்படி இல்லை. "எங்க தயாரிப்பிலேயே ஆபத்தான பழுது இருக்கு, கொண்டு வாங்க, இலவசமா மாத்தித் தர்றோம்"னு வண்டி செஞ்ச கம்பெனியே சொல்றது அது. அந்தப் பழுது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. வண்டி அருமையா ஓடும்.

தக்காத்தா ஏர்பேக் விவகாரம் ஞாபகம் இருக்கா? அதுல காற்றை நிரப்பும் இன்ஃப்ளேட்டருக்குள்ள இருந்தது அம்மோனியம் நைட்ரேட். பல வருஷ வெயிலும் ஈரப்பதமும் பட்டா அது கெட்டுப் போகும். அப்புறம் விபத்து நடக்கும்போது அளவுக்கு மீறி வெடிச்சு, உலோகத் துண்டுங்களை ஆள் மேல வீசும். 2014 ஜூலையில் நம்ம நாட்டிலேயே, சரவாக்கில், ஒரு கர்ப்பிணிப் பெண் அப்படித்தான் உயிரிழந்தாங்க. அவங்க ஓட்டினது 2003-ல் தயாரான கார். அமெரிக்காவில் மட்டும் சுமார் 67 மில்லியன் தக்காத்தா ஏர்பேக்குகளைத் திரும்ப அழைச்சாங்க. வருஷம் முழுக்க சூடும் ஈரமுமா இருக்கிற நம்ம ஊர்ல பழைய வண்டி வாங்குறவங்க இதை லேசா எடுத்துக்க முடியுமா?

கோயில் வேனுக்கு இதுல தனியா ஒரு சிக்கல் இருக்கு. ரீகால் கடிதம் கம்பெனி பதிவேட்டில் இருக்கிற சொந்தக்காரருக்குத்தான் போகும். நம்ம வேன் பலதும் உபயம் கொடுத்தவர் பேர்லயோ, என்னைக்கோ விலகின பழைய தலைவர் பேர்லயோ ஓடுது. நிர்வாகம் மாறும், வீட்டு முகவரி மாறும், கடிதம் யார் கைக்கும் வராது. ரோட் டெக்ஸ் மட்டும் தவறாம கட்டிடுவோம்.

"பேர் மாத்தும்போது புஸ்பாகோம் பார்க்குதே"ன்னு சில அண்ணன்மார் சொல்றாங்க. அங்க ஏர்பேக்கைப் பிரிச்சு உள்ள பார்க்க மாட்டாங்க. "காசு இல்லையே"ன்னு பொருளாளர் கவலைப்பட வேண்டாம், ரீகால் வேலைக்குக் கூலியும் இல்லை, பொருளுக்கும் காசு இல்லை. "சாமி பார்த்துக்கும்"னு சொல்றவங்களுக்கு ஒண்ணு கேட்கிறேன்: சாமி நம்மகிட்ட ஒப்படைச்ச பிள்ளைங்களை நாம பார்த்துக்க வேண்டாமா?

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. முன்பணம் கட்டும் முன் கெரானில் உள்ள சேசிஸ் நம்பரை எழுதிக்கிட்டு, அந்த பிராண்டின் இணையதளத்திலயோ சர்வீஸ் சென்டரிலயோ ரீகால் பாக்கி இருக்கான்னு கேளுங்க. செஞ்சு முடிச்சாச்சுன்னா அதுக்கான பதிவைக் கேட்டு வாங்குங்க.

2. ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வண்டியா? இங்க உள்ள பட்டியலில் அது இல்லாம போகலாம். ஜப்பான் பதிவிலும் பார்க்கச் சொல்லுங்க.

3. சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிஞ்சு, சில விநாடியில் அணையணும். அணையலன்னாலும் எரியவே இல்லன்னாலும் வண்டி வேண்டாம். ஏர்பேக்கே இல்லாத பழைய வேன்னா, ஒவ்வொரு சீட்டுக்கும் பெல்ட் வேலை செய்யுதான்னு இழுத்துப் பாருங்க.

4. டயர் பக்கத்தில் நாலு எண் இருக்கும். 2319-ன்னா 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செஞ்சது. பூ தேஞ்சிருக்கான்னு மட்டும் பார்த்தா போதாது, வயசையும் பாருங்க.

5. வாங்கின கையோடு ஆலயத்தின் பேருக்கு மாத்துங்க. வேனுக்குன்னு ஒரு பொறுப்பாளர் இருக்கணும். நிர்வாகம் மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு வேன் கோப்பும் கை மாறணும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அவர் ரீகால் பார்த்து கூட்டத்தில் சொல்லணும்.

ஏற்கெனவே வேன் வச்சிருக்கிற கோயில்களும் இதைச் செய்யலாம். அஞ்சு நிமிஷ வேலைதான். வண்டிக்குப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கி எடுக்கிறது நம்ம வழக்கம், அதை விட வேண்டாம். அன்னைக்குக் காலையிலேயே இந்தச் சேசிஸ் நம்பர் வேலையையும் முடிச்சிட்டு வாங்க. பிள்ளைங்களை வேன்ல ஏத்தி அனுப்புற அம்மாமார், "பார்த்தீங்களா?"ன்னு நிர்வாகத்தைத் தைரியமா கேளுங்க. கேட்கிறது உங்க உரிமை.

எல்லாரும் நல்லா இருக்கணும். ஓம் நமசிவாய.